ரேந்தை அறையில் கணக்கு

நேசம்மா ரீச்சருக்குக் கணக்கு ஏறாது என்பது ஊரறிந்த விஷயம். சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிறவர்களுக்குக்கூட அது தெரியும். அவரும் அதை மறைத்ததில்லை. யாராவது கணக்கு என்று வாயெடுத்தால், "ஐயோ, எனக்கு உது ஏறாது" என்று சொல்லிச் சிரித்துவிடுவார். மனிதர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் பொய்களிலே இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்லும் பொய்தான் மகா பொல்லாதது. கேட்கிறவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்களே தவிர, ஒருவராவது மறுத்துப் பேசமாட்டார்கள்.

அவர் படிப்பித்தது ஒரு மிஷன் கலவன் பாடசாலையில். சுன்னாகத்துக்கு அண்மையில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் இரண்டாம் மணி அடித்தால் கணக்குப் பாடம். அந்த மணி கேட்டதும் கணக்கு ஏறாத பெடியன்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். கணக்கு ஏறாத பெண்பிள்ளைகள் ரேந்தை அறைக்குப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்களுக்குத் தலைமை ஆசிரியர் நோர்மன் மாஸ்ரர் கணக்குப் படிப்பிப்பார்.

ரேந்தை என்பது வெள்ளை நூலைக் கொளுக்கி ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னுகிற வேலை. மேசைச் சீலைக்கும் தலையணை உறைக்கும் ஓரம் வைப்பார்கள். வருஷந்தோறும் நடக்கும் மிஷன் விற்பனையில் அந்தப் பள்ளிக்கூடத்து ரேந்தைக்கு நல்ல பெயர். இருக்காதா பின்னே? மற்றப் பிள்ளைகள் கணக்குப் படிக்கிற நேரமெல்லாம் இவர்கள் பின்னிக்கொண்டல்லவா இருந்தார்கள்! அந்த அறையின் ரீச்சர்தான் நேசம்மா.

நோர்மன் மாஸ்ரர் கெட்டவர் அல்லர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் யாராவது எதிர்த்து நின்றிருப்பார்கள். அவரோ கணக்கைச் சங்கீதம் போல ரசிக்கிறவர், பிள்ளைகளுக்கு ஒரு நாளும் பிரம்பு எடுக்காதவர். ஐந்தாம் வகுப்புக்கு ஏறும் பிள்ளைகளை முதல் நாளே வரிசையில் நிறுத்தி வாய்க்கணக்குக் கேட்பார். தடுமாறுகிற பிள்ளையின் தலையைத் தடவி, "பிள்ளை, கர்த்தர் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்டு குடுத்திருக்கிறார். உனக்குக் கணக்குத் தரேல்லை. நீ ரேந்தை அறைக்குப் போ" என்பார். அவ்வளவு அன்பாகச் சொல்வார். ஒரு காலை நேரத்துத் தடுமாற்றத்துக்குக் கர்த்தரைச் சாட்சிக்கு இழுத்தால், பத்து வயதுப் பிள்ளை என்னதான் செய்யும்? போகும். போனால் திரும்பி வராது.

நேசம்மாவும் அப்படிப் போனவர்தான். அப்போது நோர்மன் மாஸ்ரர் புதிதாக வந்த இளம் வாத்தியார். நேசம்மாவின் தகப்பன் செல்வத்துரை உபதேசியார் விடாப்பிடிக்காரர். மகளைத் தனிப்பட்ட முறையில், பள்ளிப் படிப்பை முடிக்கும் சீனியர் சோதினைக்கு இரண்டு தரம் அனுப்பிப் பார்த்தார். இரண்டு தரமும் கணக்கு காலை வாரிவிட்டது. அதோடு உபதேசியாரும் அடங்கினார். மகள் எந்த அறைக்குப் பிள்ளையாகப் போனாரோ அந்த அறைக்கே ரீச்சரானார். அவருடைய கை வேலையைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவருக்கும் அது போதும் என்றுதான் இருந்தது, ஏரம்புவின் மகள் குணலட்சுமி அந்தக் கேள்வியைக் கேட்கும் வரைக்கும்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு. குணலட்சுமி மேல்வகுப்புப் பிள்ளை. தகப்பன் ஏரம்புவுக்கு வெங்காயத் தோட்டம். அவளுக்கு ரீச்சராக வேண்டும் என்று ஆசை. ஆசிரியர் பயிற்சிக்குப் போவதென்றால் சீனியர் சோதினை பாஸ் பண்ண வேண்டும், சீனியர் பாஸ் பண்ணுவதென்றால் கணக்கு வேண்டும். பிள்ளை பெயிலானால் பள்ளிக்கூடத்துக்குக் கூடாத பெயர் என்று ரேந்தை அறைப் பிள்ளைகளை நோர்மன் மாஸ்ரர் சோதினைக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே குணலட்சுமியின் ஆசை ஐந்தாம் வகுப்பின் முதல் நாளிலேயே முடிந்துபோன கதை. அவளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டும் ஆசைப்படுவதை அவள் விடவில்லை.

அந்த வருஷ விற்பனைக்காக ஒரு வட்ட மேசைச் சீலை பின்னிக்கொண்டிருந்தார்கள். குணலட்சுமியின் பக்கம் மட்டும் உள்ளே இழுபட்டுச் சுருங்கிக்கொண்டு போனது. அவள் கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்தாள். பிறகு நூலின் நுனியைப் பிடித்து இழுக்கப்போனாள்.

"என்ன செய்யிறாய் பிள்ளை?"

"முழுக்கப் பிரிச்சு எறியிறன் ரீச்சர். எனக்கு உதுவும் ஏறாது."

நேசம்மா சீலையை வாங்கி மேசையில் விரித்தார். விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "ஏன் முழுக்கப் பிரிக்கோணும்? இந்தா, இதிலை ஒரு கண்ணி தப்பியிருக்கு. பிழை துவங்கின இடம் வரைக்கும் பிரி, காணும். அதுக்கு முந்திப் பின்னினது எல்லாம் வடிவாத்தானே கிடக்கு."

குணலட்சுமி பிரித்தாள். தப்பிய கண்ணியை எடுத்து மறுபடி கோத்தாள். சீலை சுருக்கம் நீங்கிப் படிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரீச்சர், கணக்கையும் உப்பிடிப் பிரிச்சுப் பாக்கேலாதோ?"

மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வழக்கமாக நேசம்மாவும் சேர்ந்து சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியும் நூலும் பிடித்து எத்தனை ஆயிரம் பிழைகளை அவர் கண்டுபிடித்திருப்பார்! ஒரு நாளாவது, இந்த நூல் எனக்கு ஏறாது என்று எழுந்து போனதுண்டா? கணக்கில் மட்டும் ஏன் முதல் பிழையோடு எழுந்து போனார்? யார் போகச் சொன்னது? நோர்மன் மாஸ்ரர் சொன்னார், இவரும் போனார். அன்று பின்னேரம் வீடு போகும் வழியெல்லாம் அவருக்குக் கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் இரண்டாம் மணிக்கு, தகப்பனின் பெட்டிக்குள் கிடந்த பழைய கணக்குப் புத்தகத்தோடு வந்தார். மேல்வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கரும்பலகைக்கு முன்னால் நீள வாங்கில் இருத்தினார். சின்னப் பிள்ளைகள் ஒரு பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் தெரியாது பிள்ளையள். சேர்ந்து பாப்பம்" என்று முதற் கணக்கை வாசித்தார். ஒரு தொட்டியை ஒரு குழாய் ஆறு மணித்தியாலத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் மூன்று மணித்தியாலத்தில் நிரப்பும். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் எவ்வளவு நேரத்தில் நிரம்பும்?

நேசம்மா வெண்கட்டியை எடுத்தார். ஆறும் மூன்றும் ஒன்பது. ஒன்பது மணித்தியாலம் என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். இவ்வளவு லேசா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஐந்து பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள். ஆனால் குணலட்சுமியின் தலை பாதியில் நின்றுவிட்டது.

"ரீச்சர், எங்கடை தோட்டத்துக்கு ஒரு துலா போட்டு இறைச்சால் மத்தியானம் திரும்பும். பக்கத்துக் கிணத்துத் துலாவையும் சேர்த்து இறைச்சால் வெள்ளெனவே முடிஞ்சிடும். நீங்கள் சொல்லுற கணக்குக்கு ரெண்டு துலாவும் சேர்த்தால் பொழுதுபட்டுப் போமே! எங்கடை ஐயா கேட்டால் துலாவைக் கொத்தி விறகாக்கிப் போடுவர்."

அறை சிரிப்பில் அதிர்ந்தது. நேசம்மாவின் முகம் சிவந்தது. கை தானாக அழிக்கிற துணிக்குப் போனது. போன கை நின்றது. ரேந்தையிலே அழிப்பது என்று ஒன்று கிடையாது, பிரிப்பதுதான் உண்டு. துணியைக் கீழே வைத்தார்.

"சரி. எங்கை பிழைச்சது எண்டு பாப்பம்."

ஒவ்வொரு வரியாகப் பின்னுக்குப் போனார்கள். முதற் குழாய்க்கு ஆறு மணித்தியாலம், சரி. மற்றதுக்கு மூன்று, அதுவும் சரி. கூட்டியது? அங்கேதான் கண்ணி தப்பியிருந்தது. நேரத்தைக் கூட்டிவிட்டார்கள். தண்ணீரையல்லவா கூட்ட வேண்டும்! ஒரு மணித்தியாலத்தில் முதற் குழாய் தொட்டியில் ஆறில் ஒரு பங்கை நிரப்பும், மற்றது மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். இரண்டும் சேர்ந்தால் பாதித் தொட்டி. அப்படியானால் முழுத் தொட்டிக்கும் இரண்டு மணித்தியாலம்.

இரண்டு! நேசம்மாவுக்குப் புல்லரித்தது. கண் கலங்கிப் பலகை மறைந்தது. இத்தனை காலமாகத் தனக்கு இல்லை என்று நினைத்த ஒன்று தன் கைக்குள்ளேயே இருந்ததைக் கண்டால் யாருக்குத்தான் அழுகை வராது? பிள்ளைகள் பயந்துபோய், "ஏன் ரீச்சர் அழுகிறியள், இப்ப சரியாத்தானே வந்திருக்கு?" என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த அறைக்கு இரண்டு சட்டம் வந்தது. பிழைத்த கணக்கை எங்கே பிழைத்தது என்று காணும்வரை அழிக்கக்கூடாது. "ஏறாது" என்ற சொல்லை யார் சொன்னாலும் அன்று பின்னேரம் அறையைக் கூட்ட வேண்டும். முதல் மாதம் முழுவதும் பெரும்பாலும் நேசம்மாதான் கூட்டினார். வாய்ப்பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா!

விற்பனைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நோர்மன் மாஸ்ரர் மேசைச் சீலையைப் பார்க்க வந்தார். அது அரைகுறையாகக் கிடந்தது. கரும்பலகையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பிழைக் கணக்குகள். பலகையில் ஒரு பிழை அரை நிமிஷம் நின்றாலும் பொறுக்கமாட்டாத மனிதர் அவர். பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கி, உடனே துணியை எடுத்தார்.

"மாஸ்ரர், அழியாதையுங்கோ! அது எங்கடை பிழை!" என்று குணலட்சுமி கத்திவிட்டாள்.

மாஸ்ரர் திகைத்துப்போய் நேசம்மாவைப் பார்த்தார். "என்ன கூத்து இது? உமக்கே வராத கணக்கை நீர் இந்தப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறீரோ?"

"நான் படிப்பிக்கேல்லை மாஸ்ரர். நாங்கள் சேர்ந்து படிக்கிறம்."

"பிள்ளையளுக்கு வீண் ஆசை காட்டாதையும். கணக்கு எண்டது பிறவியிலை வாறது. இவையைச் சோதினைக்கு அனுப்பினால் பெயிலாகி அழுவினம். அந்தப் பாவம் ஆருக்கு? நீரே இப்ப எழுதினால் பாஸ் பண்ணுவீரோ?"

அவர் கேட்டது ஏளனமாக அல்ல, உண்மையான கவலையோடுதான். நேசம்மா அதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"எழுதிப் பாத்தால்தானே தெரியும். இவை அஞ்சு பேற்றை பேரோடை என்ரை பேரையும் சேர்த்து அனுப்புங்கோ."

மாஸ்ரர் கொஞ்ச நேரம் மேசைச் சீலையையே தடவிக்கொண்டு நின்றார்.

"சரி, அனுப்புறன். ஆனால் ஒண்டு, நேசம்மா. ஆறு பேரும் பாஸ் பண்ணோணும். ஒருத்தர் தவறினாலும் இந்தக் கதை இனி இந்தப் பள்ளிக்கூடத்திலை எழும்பப்படாது. ரேந்தை அறை ரேந்தை அறையாத்தான் இருக்கும்."

"ஓம்" என்றார் நேசம்மா. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதன் பாரம் தெரிந்தது. தோற்றால் தோல்வி அவர் ஒருவருடையது அல்லவே. மூலையில் பின்னிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளும், இனிமேல் வரிசையில் நின்று தடுமாறப்போகிற பிள்ளைகளும் அந்த ஒரு சொல்லுக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

ஊருக்கு இதைவிட நல்ல பகிடி அந்த வருஷம் கிடைக்கவில்லை. "ரீச்சரும் பிள்ளையளும் ஒண்டாச் சோதினை எடுக்கினமாம். ஆரைப் பாத்து ஆர் எழுதப் போகினமோ!" என்று சந்தையெல்லாம் சிரித்தது. ஆனால் பகிடியிலும் ஒரு நன்மை விளைந்தது. குமர்ப்பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்புவதா என்று தயங்கிக்கொண்டிருந்த ஏரம்பு, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ரீச்சரம்மா, மெய்யே, நீங்களும் கூட இருந்து எழுதப் போறியளாம்?"

"ஓம் ஏரம்பு அண்ணை."

"அப்ப எனக்குப் பயமில்லை. வாத்தியார்மார் பிள்ளையளை ஆத்துக்குள்ளை தள்ளிப்போட்டுக் கரையிலை நிண்டு சத்தம் போடுவினம். நீங்களும் கூட இறங்குறியள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு இந்த உவமை எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனால் நேசம்மா அதைச் சாகும்வரை மறக்கவில்லை.

சோதினை நாளன்று சுன்னாகத்தில் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போனார்கள். மண்டப வாசலில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் நேசம்மாவின் சேலையையும் கொண்டையையும் பார்த்துவிட்டு, "அம்மா, பிள்ளையளை உள்ளுக்கை விட்டிட்டு நீங்கள் வெளியிலை நில்லுங்கோ" என்றார். நேசம்மா தன் சோதினைச் சுட்டெண் அட்டையைக் காட்டினார். அந்த மனிதர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்று கும்பிட்டார். பின்னால் நின்ற ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கணக்குத் தாள் வந்தது. பயந்ததுபோல் ஒன்றும் இல்லை. நேசம்மா ஒவ்வொன்றாகச் செய்தார். நடுவில் ஒரு கணக்கின் விடை பொருந்தாமல் இழுபட்டது. முந்திய காலமாக இருந்தால் பேனையை வைத்துவிட்டு அழுதிருப்பார். இப்போது ஆசையோடு பிரிக்கத் தொடங்கினார். ஒரு வரி, இன்னொரு வரி, அதற்கு முந்திய வரி. பிழையைக் கண்டுபிடித்தார். திருத்தினார். விடை அச்சொட்டாக வந்து பொருந்தியது. சந்தோஷத்தோடு நிமிர்ந்தபோது மணி அடித்துவிட்டது. கடைசிப் பக்கத்துக் கணக்குகளை அவர் தொடவே இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் பிள்ளைகள் விடைகளைச் சொல்லிச் சொல்லிக் குதித்தார்கள். நேசம்மா யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். அவர் சொன்ன வார்த்தையை அவரே கெடுத்துவிட்டார் என்று அவருக்குத் தெரியும். அந்த வாரங்கள் முழுவதும் அதை ஒருவருக்கும் சொல்லாமல் நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தார்.

சோதினைப் பெறுபேறு பத்திரிகையில் வந்தது ஒரு பின்னேரம். மறுநாள் காலைச் செப மண்டபத்தில் முழுப் பள்ளிக்கூடமும் கூடியிருந்தது. பாஸ் பண்ணிய பெண்கள் ஐந்து பேரும் வந்து பின்னால் நின்றார்கள். நோர்மன் மாஸ்ரர் ஐந்து பெயரை வாசித்தார். ஐந்தும் பாஸ். குணலட்சுமிக்குக் கணக்கில் மேலான புள்ளி! ரேந்தை அறைப் பிள்ளைகள் இப்படி ஒரு கைதட்டலை ஒரு நாளும் கேட்டதில்லை. மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஆறாவது பெயரைச் சொல்லாமல் செபப் புத்தகத்தைத் திறந்தார். நேசம்மாவைச் சபையில் தலைகுனிய வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

நேசம்மா எழுந்து நின்றார்.

"மாஸ்ரர், இன்னொரு பேர் இருக்கு. வாசியுங்கோ."

"வேண்டாம் நேசம்மா. இரும்."

"அப்ப நானே சொல்லுறன்." அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நேசம்மா செல்வத்துரை, கணக்கிலை பெயில். எங்கை பிழைச்சது எண்டும் சொல்லுறன். ஒரு கணக்கைத் திருத்துற சந்தோஷத்திலை நேரத்தைப் பாக்க மறந்துபோனன். கடைசிப் பக்கத்தைத் தொடேல்லை. அதுக்கு முந்தினது எல்லாம் வடிவாத்தான் செய்தனான். அந்த இடத்திலை இருந்து திருப்பிப் பின்னுவன். வாற வருஷமும் எழுதுவன்."

அந்தப் பிள்ளைகள் பெயிலானவர்களைக் கண்டிருக்கிறார்கள். அழுவார்கள், ஒளிப்பார்கள், பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பார்கள். பெயிலானதை நிமிர்ந்து நின்று, அதுவும் ஒரு ரீச்சர், மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்வதை அவர்கள் கண்டதே இல்லை. நேசம்மாவுக்கோ அந்த நேரத்தில் ஒரு விசித்திரமான நிம்மதி. இத்தனை காலம் பயந்த பூதத்தைக் கையால் தொட்டுவிட்டார், அது கடிக்கவில்லை.

இரண்டாம் மணி அடித்தது. வாக்கு வாக்குத்தான். நேசம்மா ரேந்தை அறைக்குப் போய் அந்த அரைகுறை மேசைச் சீலையை எடுத்து வெளியே வைத்தார். பலகை நிறையக் கணக்குகள். அதை அழிக்க வேண்டும். துணியை எடுத்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை எழவில்லை.

"நேசம்மா, அந்தத் துணியைக் கீழை வையும்."

வாசலில் நோர்மன் மாஸ்ரர். கையில் வெண்கட்டி. அவருக்குப் பின்னால் அவருடைய கணக்கு வகுப்பு முழுவதும் சிலேற்றுப் பலகைகளோடு நின்றது.

"மாஸ்ரர், பந்தயத்திலை நான் தோத்துப் போனன்" என்றார் நேசம்மா.

"பந்தயம் கிடக்கட்டும். நேற்றுப் பத்திரிகை வந்ததிலை இருந்து நானும் பின்னுக்குப் போய்ப் பாக்கிறன்." அவர் உள்ளே வந்தார். "அந்த அஞ்சு பிள்ளையளையும் ஏலாது எண்டு இஞ்சை அனுப்பினது நான். அவைக்கு ஏலும் எண்டு இப்ப பேப்பரிலை கிடக்கு. அதுக்கு முந்தி உம்மை அனுப்பினதும் நான்தான். பிழை துவங்கின இடம் அதுதான். அது மட்டுக்கும் பிரிச்சிட்டன். இனிக் கணக்கு எல்லாருக்கும். தோட்டத்திலை நிக்கிற பெடியளையும் வரச்சொல்லுங்கோ. மண்வெட்டியைக் கழுவி வைச்சிட்டு வரட்டும்."

அறை கொள்ளவில்லை. வாங்குகளைத் தூக்கிப் பூவரச மரத்தடியில் போட்டார்கள். செம்மண் காலோடு வந்த பெடியன்கள் எங்கே இருப்பதென்று தெரியாமல் முழித்தார்கள். முன் வாங்குக்காரர் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். அன்றைக்கு நோர்மன் மாஸ்ரர் பலகையில் எழுதிய முதற் கணக்கு இரண்டு குழாய்க் கணக்குத்தான். முன் வாங்கில் ஒரு பெடியன் ஒன்பது என்றான். ரேந்தை அறைச் சின்னப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில், "எங்கை பிழைச்சது?" என்று கத்தினார்கள். நேசம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தம் சுன்னாகச் சந்தைக்கே கேட்டிருக்கும்.

அடுத்த வருஷம் அவர் நாலாம் முறையாக எழுதினார். பயிற்சிக் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த குணலட்சுமி லீவு கேட்டு வந்து மண்டப வாசலில் நின்று, "ரீச்சர், மணிக்கூட்டைப் பாருங்கோ, மணிக்கூட்டைப் பாருங்கோ" என்று சொல்லி அனுப்பினாள். நேசம்மா பார்த்தார். பாஸ் பண்ணினார். பத்திரிகையோடு சைக்கிளில் பறந்து வந்த நோர்மன் மாஸ்ரர், நேரங்கெட்ட நேரத்தில் பள்ளிக்கூட மணியை விடாமல் அடித்து, ஊரெல்லாம் நெருப்புப் பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடிவரச் செய்தார். வந்தவர்களில் ஏரம்புவும் ஒருவர். சங்கதியைக் கேட்டுவிட்டு, வாளித் தண்ணீரைப் பூவரச மரத்துக்கு ஊற்றிவிட்டு, "கரையேறிட்டா" என்று சொல்லிக்கொண்டு போனார்.

ரேந்தையும் நின்றுபோகவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, விருப்பமானவர்கள் எல்லாரும் வந்து பின்னலாம் என்று வைத்தார்கள். அந்த மேசைச் சீலையும் ஒருவழியாக முடிந்து அடுத்த விற்பனைக்குப் போனது. ஒரு நாள் பின்னேரம் நோர்மன் மாஸ்ரர் மெல்ல வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சங்கடத்தோடு ஒரு கொளுக்கி ஊசியைக் கையில் எடுத்துத் தடித்த விரல்களுக்கு நடுவில் உருட்டினார்.

"என்ரை கைக்கு உது ஏறாது" என்று சிரித்தார்.

நேசம்மா எழுந்தார். மூலைக்குப் போய் அறை கூட்டும் தும்புத்தடியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். தலைமை ஆசிரியர் ஒரு கணம் விழித்தார். பிறகு சட்டம் நினைவுக்கு வந்தது. எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் ஒழுங்காகக் கூட்டி முடித்தார். பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

மறுபடி வந்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னத் தொடங்கினார். ஒரு கண்ணி விழுந்தது, இரண்டு விழுந்தது, மூன்றாவதில் நூல் எங்கேயோ போய் முறுகிக்கொண்டது. அவர் அதை எறியவில்லை. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நேசம்மா," என்றார், "எங்கை பிழைச்சது எண்டு ஒருக்காப் பாரும்."